வெளிநாட்டில் வாங்கிய மின்னணுப் பொருள் பழுதானால்: முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கிய கேமராவோ செல்பேசியோ ஊர் திரும்பிய சில வாரங்களில் படுத்துவிட்டால், பலரும் முதலில் அதே நிறுவனத்தின் உள்ளூர் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். "இது இங்கே விற்ற பொருள் இல்லையே" என்று அங்கே கையை விரித்ததும், போன காசு போனதுதான் என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தட்டியது தவறான கதவு. எடுத்தது அவசர முடிவு.

நேரில் சென்று ஒரு கடையில் வாங்கிய பொருளுக்கு, அந்தக் கடை இருக்கும் நாட்டின் சட்டம்தான் பொதுவாகப் பொருந்தும். நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பது அங்கே பெரிதல்ல. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய நுகர்வோரா என்பதுதான் கேள்வி. பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்ற கடைக்காரர். அவரிடம் தீர்வு கேட்கும் உங்கள் உரிமை விமானம் ஏறியதும் அற்றுப்போவதில்லை. ஆனால் அதை நிறைவேற்றிக்கொள்ளும் வலு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது, அந்த ஊர் தீர்ப்பாயத்தில் போய் நிற்க முடியாது. ஆகவே, செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஊர் திரும்புமுன்பே செய்துவிட வேண்டும்.

சட்ட உரிமை வேறு, வாரன்டி வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. வாரன்டி என்பது தயாரித்த நிறுவனம் தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. எத்தனை மாதம், எந்த நாடுகளில், எந்தப் பழுதுக்கு என்பதையெல்லாம் நிறுவனமே எழுதிக்கொள்ளும். "விற்ற நாட்டில் மட்டும்" என்று எழுதியிருந்தால் அதோடு முடிந்தது. சட்ட உரிமையோ விற்ற கடைக்காரர் மீது சட்டம் சுமத்தும் கடமை. அதைக் கடைக்காரர் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் "பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துத் தட்டிக்கழிக்கப் பல நாடுகளின் சட்டம் இடம் தருவதில்லை. "வாரன்டி முடிந்துவிட்டது, நிறுவனத்திடம் கேளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், முதல் வாக்கியம் உண்மையாக இருந்தாலும் இரண்டாவது வாக்கியம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

எந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்பதைக் கிளம்புமுன் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்ட உத்தரவாதம் உண்டு. முதல் ஆண்டுக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஸ்பெயின், போர்ச்சுகல், சுவீடன் ஆகிய நாடுகள் இதை 3 ஆண்டாக நீட்டியிருக்கின்றன. முதலில் இலவசமாகப் பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ முழுப்பணமோ என்பது அங்குள்ள வரிசை.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இன்னும் தாராளம். பழுதுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்கலாம். அந்தக் கெடு கடந்தால், பழுதுநீக்கவோ மாற்றித்தரவோ கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் மீண்டும் பணத்தைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் பெரிய பழுது என்றால், பணமா மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், 6 மாதத்துக்குள் தெரியும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில்தான் எச்சரிக்கை தேவை. பொருளைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்று கடைகளைக் கட்டாயப்படுத்தும் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் அங்கே இல்லை. பொருள் அதன் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற மறைமுக உத்தரவாதம் மாநிலச் சட்டங்களில் இருக்கிறது. "உள்ளது உள்ளபடி" என்று எழுதி விற்றால் பல மாநிலங்களில் அதுவும் போய்விடும். அங்கே கடையின் சொந்தத் திருப்பிவாங்கும் விதிகளை வாசித்துவிட்டே பணத்தை எடுங்கள்.

முதல் படி: உங்கள் ஊரில் இது வேலை செய்யுமா?

பழுதல்லாத ஒன்றைப் பழுது என்று எண்ணி அலைந்தவர்கள் ஏராளம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240. சார்ஜரின் அடியில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் கவலையில்லை. பிளக்கை மாற்றிக்கொண்டால் போதும். லேப்டாப், செல்பேசி, கேமரா சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் முடி உலர்த்தியும் சோறு பொங்கும் மின்கருவியும் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருக்கலாம். அதை 230 வோல்ட்டில் செருகிக் கருகினால் எந்த நாட்டுச் சட்டமும் உதவிக்கு வராது.

செல்பேசியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இன் ஐபோன் 14 முதல் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது; கார்டு இல்லாமல் செல்பேசிக்குள்ளேயே இயங்கும் இ-சிம் மட்டும்தான். உங்கள் ஊர்த் தொலைபேசி நிறுவனம் இ-சிம் தருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட சேவை நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்ட செல்பேசிகளும் மலிவு விலையில் விற்கப்படுகின்றன. பூட்டு இல்லை என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு பூட்டியிருப்பது தெரிந்தால், "வர்ணித்தபடி பொருள் இல்லை" என்று வாதிட அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

வாரன்டியின் எல்லையையும் இப்போதே பாருங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் அந்தப் பொருளின் வாரன்டி விதிகளைத் திறந்து வாசியுங்கள். ஒரே நிறுவனம் லேப்டாப்புக்கு உலக வாரன்டியும் செல்பேசிக்கு நாட்டு வாரன்டியும் தருவதுண்டு. நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராமல், வேறொரு நாட்டுக்கென்று தயாரானதை இறக்கி மலிவாக விற்கும் கடைகளும் உண்டு. அந்தப் பொருள் போலியல்ல. ஆனால் அதோடு வரும் அட்டையில் "இன்டர்நேஷனல் வாரன்டி" என்று பளபளவென்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கடை தானே அடித்த அட்டை. அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, கடையின் முத்திரை மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: கல்லாவில் கறாராக இருங்கள்

கடைத்தெருவில் ஒன்றை மறவாதீர்கள்: விலை பேசி முடித்துக் கார்டைத் தேய்த்த பிறகு நீட்டப்படும் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. 2014இல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுக் கடை வளாகத்தில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு பயணி 950 சிங்கப்பூர் டாலருக்கு ஐபோன் வாங்கினார். பணம் கட்டிய பிறகு, வாரன்டிக்கு என்று இன்னும் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் கடைக்குள்ளேயே மண்டியிட்டு அழுது கெஞ்சிய காணொளி ஊரெங்கும் பரவியது. கடையின் உரிமையாளர் மறு ஆண்டு மோசடிக் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார். நுகர்வோர் சட்டம் வலுவாக உள்ள ஊரில்தான் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ரசீதில் கடையின் முழுப் பெயர், முகவரி, தேதி, பொருளின் மாடல், சீரியல் எண், அந்த நாட்டுப் பணத்தில் விலை ஆகியவை இருக்க வேண்டும். வெறும் "கேமரா 1" என்று இருந்தால் மறுத்து மாற்றித்தரச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பொருளில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். செல்பேசி என்றால் *#06# அழுத்தினால் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும்; அதையும் ஒப்பிடுங்கள். ரசீதுத் தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகை. சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். அங்கேயே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ரொக்கத்துக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று ஆசைகாட்டினாலும் மசியாதீர்கள். அந்தத் தள்ளுபடிக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன என்பது கார்டு பற்றிய பகுதியில் புரியும். "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று கார்டு இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கடை இருக்கும் நாட்டின் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டினால் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பிறகு பணம் திரும்பி வரும்போதும் கணக்கு குழம்பும்.

மூன்றாம் படி: அன்றிரவே சோதித்துவிடுங்கள்

பொருளை வாங்கிப் பெட்டி பிரிக்காமல் அப்படியே சூட்கேஸில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகும் பழக்கம்தான் இருப்பதிலேயே பெரிய எதிரி. உறவினருக்குப் பரிசு என்றாலும் பிரியுங்கள். பயணத்தின் கடைசி நாளில் வாங்குவதைத் தவிர்த்தால், திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கும்.

கேமரா என்றால் லென்ஸ் மூடியைப் போட்டபடியே ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கருமையில் சிவப்பு, நீலப் புள்ளிகள் மினுங்கினால் சென்சாரில் கோளாறு இருக்கலாம். பிறகு வெள்ளைச் சுவரை ஒரு படம். தூசியும் கறையும் அதில் தெரியும். குவியம் தானாகப் பிடிக்கிறதா என்று அருகில் ஒரு பொருளையும் ஜன்னலுக்கு வெளியே தூரத்துக் கட்டடத்தையும் மாறிமாறிக் குறிவைத்துப் பாருங்கள். லென்ஸ் முனகியபடி முன்னும்பின்னும் அலைந்தால் காலையில் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

செல்பேசி, லேப்டாப் என்றால் வைஃபை, சிம், ஒலிபெருக்கி, மைக், இரு பக்கக் கேமரா, எல்லா விசைகள், எல்லாத் துளைகள். பேட்டரியை முழுக்க ஏற்றி, இரவு முழுவதும் சும்மா விட்டு, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டால் வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று பல நிறுவனங்கள் காட்டும். அது நீங்கள் வாங்கிய நாளுக்குப் பல மாதம் முந்தியது என்றால், புதியது என்று சொல்லிப் பழையதை விற்றிருக்க வாய்ப்புண்டு. திரையில் ஒரே ஒரு புள்ளி இறந்திருந்தால் மட்டும் சண்டைக்குப் போகுமுன் யோசியுங்கள். எத்தனை புள்ளிவரை பழுதல்ல என்பதற்கு நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன; சட்டத்தைவிடக் கடையின் நல்லெண்ணம்தான் அங்கே பேசும். நல்லெண்ணமோ மறுநாள் போனால் இருக்கும், மறுமாதம் எழுதினால் இருக்காது.

நான்காம் படி: அந்த நாட்டில் இருக்கும்போதே பழுது தெரிந்தால்

தாமதிக்காமல் பெட்டி, துணைப்பொருள்கள், ரசீது எல்லாவற்றோடும் நேரில் போங்கள். பழுதைக் காணொளியாக எடுத்து வைத்திருப்பது நல்லது. கடையில் போய் நிற்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்து மானத்தை வாங்கும் பொருள்கள் உண்டு. "இரண்டு வாரத்தில் சரிசெய்து தருகிறோம்" என்றால், எந்த நாளில் கிளம்புகிறீர்கள் என்பதைச் சொல்லி மாற்றுப் பொருளோ பணமோ கேளுங்கள். ஐரோப்பிய விதியில் பழுதுநீக்கம் நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய தொல்லை இல்லாமல் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நாளை மறுநாள் விமானம் ஏறப் போகிறவருக்கு இரண்டு வாரம் என்பது தொல்லைதான்.

கடைக்காரர் மசியாவிட்டால் அங்குள்ள நுகர்வோர் அமைப்பை அணுகுங்கள். சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, சுற்றுலாப் பயணிகளின் வழக்கை விரைவாக விசாரிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஹாங்காங்கின் நுகர்வோர் மன்றம் பயணிகளின் புகாரையும் பெறுகிறது. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே பல மொழிகளில் பேசும் நுகர்வோர் ஆலோசனைத் தொலைபேசி இருக்கிறது. பல நேரங்களில் வழக்குவரை போகவே வேண்டியிராது. புகார்ப் படிவத்தைக் கல்லாவின் மேல் வைத்துக் கடையின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டாலே மேலாளர் உள்ளிருந்து வந்துவிடுவார்.

விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கியிருந்தாலும் அந்த நாட்டின் சட்டமே பொதுவாகப் பொருந்தும். வரியில்லை என்பதால் உரிமையும் இல்லை என்று பொருளல்ல.

ஐந்தாம் படி: ஊர் திரும்பிய பிறகு

முதலில் நிறுவனத்தின் வாரன்டி உங்கள் நாட்டில் செல்லுமா என்று பார்த்துவிடுங்கள். செல்லும் என்றால் அதுதான் சுருக்கு வழி. சட்டம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். செல்லாது என்றால் சர்வீஸ் சென்டரில் ஒரு காரியத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பழுது என்ன, விழுந்தோ நனைந்தோ ஏற்பட்டதா, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிக்கை. இதற்குச் சிறு கட்டணம் கேட்கலாம், கொடுங்கள். கடைக்காரர் சொல்லப்போகும் முதல் பதில் "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

பிறகு கடைக்கு மின்னஞ்சல். ஆவேசம் வேண்டாம், கதையும் வேண்டாம். எளிய வாக்கியங்களில், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாலும் அர்த்தம் சிதையாதபடி எழுதுங்கள்:

"இந்தத் தேதியில் உங்கள் கடையில் இந்த மாடலை இந்த விலைக்கு வாங்கினேன். சீரியல் எண் இது. இந்தத் தேதியில் இந்தப் பழுது தோன்றியது. ரசீது, பழுதின் காணொளி, சர்வீஸ் சென்டரின் அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டப்படி இலவசப் பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள் கோருகிறேன். 14 நாட்களுக்குள் பதில் தாருங்கள். பதில் இல்லையென்றால் என் வங்கியிடமும் உங்கள் நுகர்வோர் அமைப்பிடமும் புகார் செய்வேன்."

இதோடு ஒரு மாற்று யோசனையையும் சேர்க்கச் சொல்வேன். பொருளைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புவதற்குப் பதில் இங்கேயே சரிசெய்துகொள்கிறேன், அந்தச் செலவைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கடைக்காரருக்குக் கூரியர் செலவும் தலைவலியும் மிச்சம். முழுப்பணத்துக்கு மல்லுக்கட்டி ஆறு மாதம் அலைவதைவிட, பழுதுநீக்கச் செலவை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவது எனக்கு எப்போதும் புத்திசாலித்தனமாகவே படுகிறது.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் குடியிருந்து வேறோர் ஒன்றிய நாட்டில் வாங்கியிருந்தால், உங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உங்கள் சார்பில் பேசும். 5,000 யூரோ வரையிலான கோரிக்கைக்கு எல்லை தாண்டிய சிறு வழக்கு முறையும் இருக்கிறது. டென்மார்க் மட்டும் அதில் சேராது. பழைய வழிகாட்டிகள் சுட்டும் ஐரோப்பிய ஆன்லைன் தகராறுத் தீர்வுத் தளத்தைத் தேடி அலையாதீர்கள்; அதை 2025 ஜூலை 20 அன்று மூடிவிட்டார்கள்.

ஆறாம் படி: கார்டு என்னும் கடைசிக் கயிறு

கடை பதில் தரவில்லையா? கார்டு கொடுத்த வங்கியிடம் "பழுதான பொருள், விற்றவர் தீர்வு தரவில்லை" என்று சொல்லி, பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரச் சொல்லுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கென்றே தனி வகை உண்டு. கெடு பெரும்பாலும் 120 நாள்; எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது வழக்குக்கு வழக்கு மாறும் என்பதால் வங்கியிடம் சீக்கிரமே கேட்டுவிடுங்கள். கடைக்காரரோடு பேசித் தீர்க்க முயன்றதற்கும், பொருளைத் திருப்பித்தர முன்வந்ததற்கும் சான்று கேட்பார்கள். மேலே சொன்ன மின்னஞ்சல் இங்கேதான் உதவும். இது சட்ட உரிமை அல்ல, கார்டு அமைப்புகளின் விதி. கடைக்காரர் எதிர்வாதம் வைத்தால் முடிவு மாறலாம்.

பிரிட்டனில் வாங்கிய கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு வங்கியையும் கடைக்காரருக்குச் சமமாகப் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும் என்று 2007இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஏழாம் படி: பொருளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால்

அனுப்புமுன் கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரவுகளைப் பிரதி எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, செல்பேசியைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்து, பிறகு முழுவதையும் அழியுங்கள். கணக்குப் பூட்டோடு வரும் செல்பேசியை எந்தப் பட்டறையும் தொடாது.

பேட்டரி உப்பியிருந்தால் அனுப்பவே முடியாது. சேதமடைந்த, திரும்பப் பெற அறிவிக்கப்பட்ட லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்ற விதிகள் அனுமதிப்பதில்லை; கைப்பையிலும் கூடாது, பார்சலிலும் கூடாது. படம் எடுத்து அனுப்பி, பொருளை உள்ளூரில் முறையாக ஒப்படைத்ததற்குச் சான்று தருகிறேன் என்று கடையிடம் சொல்லுங்கள்.

வாங்கும்போது பயணிகளுக்கான வரியைத் திரும்பப் பெற்றிருந்தால், கடை திருப்பித் தருவது அந்த வரி நீங்கலான தொகைதான். பார்சலின் சுங்கப் படிவத்தில் "பழுதுநீக்கத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று தெளிவாக எழுதுங்கள். அனுப்புமுன் உங்கள் நாட்டுச் சுங்கத்துறையிடம் சீரியல் எண்ணோடு பதிவு செய்து ஒரு தாள் வாங்கிக்கொண்டால், சரியாகித் திரும்பி வரும்போது புதுப்பொருள்போல முழு விலைக்கும் வரி போடுவதைத் தவிர்க்கலாம். பழுதுநீக்கிய பொருளுக்குப் பதில் வேறொன்றை அனுப்பியிருந்தால் சீரியல் எண் மாறியிருக்கும். பழைய ரசீது அதற்குப் பொருந்தாது. புதிய எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி அப்போதே கேட்டு வாங்கி, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.